ஒதீலின் மோதிரம்

பயன்படுத்தி முடித்த அணு எரிபொருளை நறுக்கி, அமிலத்தில் கரைத்து, மீண்டும் எரியக்கூடியதைப் பிரித்தெடுக்கும் ஆலை அது. பிரித்தெடுத்தது திரும்ப உலைக்குப் போய்விடும். ஒதீலின் மேசைக்கு வருபவை எங்கும் போக முடியாதவை: கிழிந்த கையுறை, துடைத்த துணி, தேய்ந்துபோன கருவி. பிரான்சின் கடலோரம், லா ஹாக் முனையின் ஓயாத காற்றில் சைக்கிள் மிதித்து வந்து, இள வயதிலிருந்தே அவற்றைத் தரம் பிரித்துப் பீப்பாய்களில் போட்டுக்கொண்டிருந்தாள்.

உள்ளே போகுமுன் எல்லோரும் மோதிரத்தைக் கழற்றி வைப்பார்கள். ஒதீலின் விரல்மூட்டு வாதத்தில் வீங்கி, அவளுடையது கழலவில்லை. அறுத்தெடுக்க மனமில்லை. முதியோர் இல்லத்தில் இருக்கும் கணவர் மார்சியாலுக்கு அவள் முகம்கூட மறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும் அந்த மோதிரத்தை இப்படியும் அப்படியும் திருகிப் பார்ப்பார். பிறகுதான், "அட, நீயா!" என்பார். அதனால் மோதிரத்தின் மேல் பிளாஸ்திரியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அன்று ஒரு கம்பிமுனை கையுறையையும் பிளாஸ்திரியையும் கிழித்தது. வெளியே வரும்போது சோதனை வாசல் அலறியது.

"என்ன ஒதீல், வீட்டுக்குப் போக மனசில்லையா?" என்றான் வரிசையில் பின்னால் நின்ற எர்வே. கிழிந்த பிளாஸ்திரியைப் பார்த்ததும் சட்டென்று திரும்பி ஆளைக் கூப்பிட்டான்.

கதிர்வீச்சைச் சோதிக்கும் லோயிக் அவள் கையைக் கழுவினான், துடைத்தான், மறுபடி கழுவினான். சின்ன ரம்பத்தால் மோதிரத்தை அறுத்தெடுத்தான். விரல் சுத்தமாகிவிட்டது. மோதிரம் ஆகவில்லை.

"உள்பக்கம் கல்யாணத் தேதி செதுக்கியிருக்குல்ல? அந்தக் கீறலுக்குள்ள கதிர்வீச்சுத் தூசி ஏறிடுச்சுக்கா. போகாது."

"இன்னும் ஒரு தடவ தேய்ச்சுப் பாரேன், தம்பி."

"எத்தன தடவக்கா?"

"அவருக்கு என்னத் தெரியாமப் போயிடும்டா."

லோயிக் மோதிரத்தை ஒரு சின்னப் பையில் போட்டு ஒட்டினான்.

"விடு ஒதீல்," என்றான் எர்வே. "கழிவுக் கிடங்குல முந்நூறு வருஷம் காவல் போட்டுப் பாத்துக்குவாங்க. ராணி நகைக்குக்கூட அவ்வளவு கெடையாது."



மறுநாள் அந்தச் சின்னப் பை அவள் மேசைக்கே வந்தது. அவளே பீப்பாயில் போட்டாள். சிமெண்ட் ஊற்றி மூடினார்கள்.

சனிக்கிழமை பக்கத்து நகரமான செர்பூரில் ஒரு நகைக்கடையில் அதே மாதிரி ஒன்று வாங்கினாள். வீங்கிய மூட்டைத் தாண்ட வேண்டுமே என்று கொஞ்சம் பெரிதாகவே எடுத்தாள்.

ஞாயிறன்று மார்சியால் வழக்கம்போல் அவள் விரலைத் தேடிப் பிடித்தார். திருகினார். மோதிரம் வழுக்கிக்கொண்டு அவர் கையோடு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு நீட்டினார்.

"மேடம், உங்களோடது கழண்டுடுச்சு. பத்திரமா வச்சுக்குங்க. என் பொண்டாட்டியோடது கழலவே கழலாது."