புண்ணைக் கழுவ ஆள் கேட்டவர்

அந்தத் தாதியை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. யார் கதைத்தாலும் முகத்தைப் பார்க்காமல் கைகளையே பார்க்கும் ஒல்லியான மனுசி.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்று, அரியாலையில் ஒரே வளவில் வாழும் ஏழு பேரும் கட்டிலைச் சுற்றி நின்றோம்.

"கால் புண்ணைக் கழுவி மருந்து கட்ட ஆர் பழகப்போறியள்?" என்று தாதி கேட்டார்.

அண்ணை தங்கச்சியைப் பார்த்தார். தங்கச்சி என்னைப் பார்த்தாள்.

"அண்ணி செய்வா, மிஸ்," என்றேன்.

"ஏன், உங்களுக்குக் கையில்லையோ?"

பிறகு எங்களைத் திரும்பியும் பாராமல், அப்பாவின் கையில் பஞ்சைக் கொடுத்து அவருக்கே பழக்கினார். அப்பாவின் கிளினிக் அட்டையில் 'கூட்டுக் குடும்பம்' என்றிருந்ததை வெட்டிவிட்டு, 'தனியாள்' என்று எழுதினார்.

"பிழையாய் எழுதிறியள்!" என்று சீறினேன்.

"ஐயா, பிழையோ?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா நிமிரவில்லை. புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.