மெல்போர்னில் ஏழு வீடுகள், ஆறு ஆட்டக்காரர்கள்

1. பிளாட்பாரம்

1976 ஜூன் 12, சனிக்கிழமை. காலை 9 மணி 40 நிமிடம். மெல்போர்ன். ஆறு டிகிரி, சாரல், தெற்கிலிருந்து காற்று. சிட்னியிலிருந்து வந்த ரயில் முப்பத்தைந்து நிமிடம் தாமதம். அதற்காக யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

நான் முதலில் இறங்கி மூட்டைகளை எண்ணினேன்: பதினான்கு. ஹாக்கி மட்டைகளை எண்ணினேன்: இருபத்து நான்கு. ஆட்டக்காரர்களை எண்ணினேன்: ஐந்து. ஆறு இருக்க வேண்டும்.

ஆறாவது ஆள் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். வேலுச்சாமி, கோவில்பட்டிக்காரன், எங்கள் சென்டர் ஃபார்வர்ட். அவன் ஆடினால் நாங்கள் ஜெயிப்போம், ஆடாவிட்டால் தோற்போம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய நிபுணத்துவம் தேவையில்லை.

"வேலு, இறங்குப்பா."

"நான் இறங்கல அண்ணாச்சி. இதே வண்டியில திரும்பிப் போயிருதேன்."

"ஏன்?"

அவன் மோவாயால் ஜன்னலைக் காட்டினான். வெளியே பிளாட்பாரத்தில் பத்தொன்பது தமிழர்கள் நின்றிருந்தார்கள். இரண்டு பேர் கையில் பிளாஸ்க். ஒரு பெண்மணியின் கையில் துணியால் மூடிய எவர்சில்வர் தூக்கு.

"நம்ம ஜனங்கதானேப்பா? உங்களைப் பார்க்க வந்திருக்காங்க."

"அதான் அண்ணாச்சி காரணம்" என்றான்.

அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்க நான் அதற்கு முன் மூன்று மாதம் செலவழித்திருந்தேன்.

2. படிவம்

விளையாட்டு நிறுவனங்களில் டூர் வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு அந்தக் காலத்து நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். சிட்னியில், பரமட்டா ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரு கம்பளக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. ஜலந்தரிலிருந்து ஹாக்கி மட்டைகளை இறக்குமதி செய்து விற்பது தொழில். மட்டையை விளம்பரப்படுத்த இந்தியாவிலிருந்து ஆறு ஆட்டக்காரர்களை வரவழைத்துச் சம்பளம் கொடுத்து ஊர் ஊராக ஆடவைத்தார்கள். அன்று ஹாக்கியில் சம்பளம் வாங்குவது பெரும் பாவம். ஆகவே தாள்களில் அவர்கள் 'விற்பனை விளக்குநர்கள்'. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடி, வியர்த்து, முழங்காலில் அடிபட்டு விற்பனையை விளக்குவார்கள். எந்த ஊருக்குப் போனாலும் உள்ளூர் கிளப்பில் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு அந்த ஊர்த் தேர்வு அணியோடு ஒரு ஆட்டம். ஆட்டம் நன்றாக இருந்தால் உள்ளூர்க் கடைக்காரர் மட்டைகளுக்கு ஆர்டர் கொடுப்பார்.

நான் டூர் கிளார்க். டிக்கெட், மோட்டல், மைதானம், சலவை எல்லாம் என் பொறுப்பு. தவறு நடந்தால் அதுவும் என் பொறுப்பு.

1975இல் மெல்போர்னில் மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். கடைக்காரர் நான்கு டஜன் மட்டை வாங்கினார், பெரும்பாலும் இரக்கத்தால். அடுத்த ஆண்டு மார்ச்சில் எங்கள் மேலாளர் டாயில் என்னைக் கூப்பிட்டார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். கெட்ட வார்த்தைகள் நான்கைக் கழித்திருக்கிறேன்.

"கெனி, பெர்த் போறாங்க. அடிலெய்ட் போறாங்க. ஈ மொய்க்கிற சுரங்க ஊருக்குக்கூடப் பல்லைக் காட்டிக்கிட்டுப் போறாங்க. மெல்போர்ன்னு சொன்னா மட்டும் ஆறு பேருக்கும் இடுப்பு வலி. என்னய்யா அது?"

"விசாரிக்கிறேன் சார்."

"விசாரி. இந்த ஜூன்லயும் அங்க சொதப்பினா டூர் செக்‌ஷனையே மூடிடுவேன். மூடின செக்‌ஷனுக்கு கிளார்க் எதுக்கு?"

என் பெயர் கணேசன். கெனி என்று மாற்றும் உரிமையை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. நிரந்தரக் கடிதம் இருந்தால்தான் சென்னையிலிருந்த என் மனைவி, இரண்டு பெண்கள் ஆகியோரின் விசா விண்ணப்பம் நகரும். அது பதினோரு மாதமாக ஒரே மேசையில் இருந்தது.

நான் முறையாக வேலை செய்பவன். படிவம் ஒன்று தட்டச்சு செய்தேன். 'எந்த நகரங்களில் ஆட விருப்பமில்லை? காரணம் என்ன?' ஆறு பிரதி, ஆறு கையெழுத்து. ஆறு பேரும் மெல்போர்ன் என்று எழுதியிருந்தார்கள். காரணங்கள்: குளிர், இருவர். மைதானத்தில் சேறு, இருவர். மோட்டல் சரியில்லை, ஒருவர். ஜலந்தர்க்காரன் பல்பீர் மட்டும் 'சொந்த விஷயம்' என்று எழுதினான். வேலுச்சாமி எழுதியது குளிர். கோவில்பட்டி வெயிலில் வளர்ந்தவன், நியாயம்தான் என்று நினைத்தேன்.

குளிருக்குக் கம்பளி உள்பனியன் பன்னிரண்டு வாங்கினேன். சேற்றுக்கு, வடிகால் உள்ள வேறு மைதானம் பிடித்தேன். மோட்டலை மாற்றி, அறைக்கு ஒரு ஹீட்டர் உண்டா என்று நானே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்தேன். பல்பீரின் சொந்த விஷயத்துக்கு மட்டும் ஒன்றும் செய்யவில்லை. அதற்குத் தனித் தலைப்பு பட்ஜெட்டில் இல்லை.

அத்தோடு, முந்தைய ஆண்டைப் போலவே மெல்போர்ன் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு கடிதமும் எழுதினேன். எந்த ரயில், எத்தனை மணி, எந்த மோட்டல், எத்தனை பேர். அந்த ஊரில் நாங்கள் அறிந்த தமிழ்க் குடும்பங்கள் ஏழு. நாலு வாய் நம் சாப்பாடு கிடைத்தால் பையன்கள் மகிழ்வார்கள் என்பது ஒரு காரணம். ஆளுக்கு ஆறு வேளைச் சாப்பாட்டுப் படி, வேளைக்கு ஒன்றேகால் டாலர், ஆறு பேருக்கு நாற்பத்தைந்து டாலர் கம்பெனிக்கு மிச்சம் என்பது இன்னொரு காரணம். எந்தக் காரணம் முதலில் தோன்றியது என்று இப்போது நினைவில்லை. முந்தைய ஆண்டு டாயில் அதற்காக என் தோளில் தட்டினார். ஒரு முறை.

3. உடன்படிக்கை

இறங்கிய ஐந்து பேரும் பிளாட்பாரக் கூட்டத்தைக் கண்டதும் மறுபடி ரயில் பெட்டிக்குள் ஏறிக்கொண்டார்கள். அங்கே வேலுச்சாமி விவரம் சொன்னான்.

"போன வருசம் ரெண்டு நாள்ல பதினோரு சாப்பாடு அண்ணாச்சி. ஒரு வீட்ல தின்னுட்டு அடுத்த வீட்ல வேணாம்னா, அந்தம்மா முகம் போற போக்கைப் பாக்க முடியல. ரெண்டு மணிக்கு ஆட்டம். ஒரு மணிக்குப் பாயசம். பந்து வருது. நான் அதைப் பாக்கேன். அது என்னையப் பாக்குது. அம்புட்டுதான்."

பல்பீர் தலையை ஆட்டினான். அவனுக்குத் தமிழில் தெரிந்த ஒரே சொல் 'போதும்'. முந்தைய ஆண்டு அதை எல்லா வீடுகளிலும் சொல்லியிருக்கிறான். கூச்சப்படுகிறான் என்று எண்ணி அவனுக்கு இரட்டிப்பாகப் போட்டிருக்கிறார்கள்.

"இதைப் படிவத்துல எழுதியிருக்கலாமே?"

"சோறு போடுதாங்க, அதனால வரமாட்டோம்னு எப்படி அண்ணாச்சி எழுத? படிக்கிறவன் எங்களை மனுசன்னு நினைப்பானா?"

"அவங்களுக்கு நீங்க வர்ற நேரம் எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். கேட்கவில்லை. விடை என் கோப்பில், கார்பன் பிரதியாக இருந்தது.

பிளாட்பாரத்துக்கு வந்தேன். முன்னால் நின்றவர் டொக்டர் நடராசா. யாழ்ப்பாணத்துக்காரர், சங்கத்தின் செயலாளர்.

"வாங்கோ வாங்கோ. பிள்ளையள் எங்கை? ஏன் இறங்காமல் நிக்கினம்?"

"டாக்டர், ஒரு சின்ன விஷயம். ஆட்டம் முடியற வரைக்கும் பையன்களுக்கு வெளிச் சாப்பாடு கூடாதாம். எங்க கம்பெனி டாக்டர் உத்தரவு."

அந்தக் கம்பளக் கடை மாடியில் டாக்டர் யாரும் கிடையாது. பொய் சொல்லும்போது கேட்பவரின் தொழிலை நான் கவனித்திருக்க வேண்டும்.

"எந்த டொக்டர்? நானும் டொக்டர்தானே? பிள்ளையளைப் பட்டினி போடச் சொல்லி எவன் சொன்னவன்? அவன்ர நம்பரைத் தாங்கோ, நான் கதைக்கிறன்."

தூக்கோடு நின்ற பெண்மணி அவருடைய மனைவி. அவர் குரல் உயரவில்லை. அது உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்ப சமைச்சதை என்ன செய்யிறது தம்பி? வியாழக்கிழமை தொடக்கம் குசினிக்குள்ளதான் நிக்கிறன்."

மற்ற ஆறு வீட்டுப் பெண்களும் என்னையே பார்த்தார்கள். பெட்டிக்குள்ளிருந்து ஆறு ஆட்டக்காரர்களும் என்னையே பார்த்தார்கள். டாயில் பார்க்கவில்லை, அவர் சிட்னியில் தூங்கிக்கொண்டிருந்தார். ஆனாலும் பார்ப்பதுபோலத்தான் இருந்தது.

"நான் வர்றேன்" என்றேன். "ஏழு வீட்டுக்கும். அவங்க சார்பா. நாளைக்கு ஆட்டம் முடிஞ்ச நிமிஷத்துலேருந்து அவங்க உங்க கையில."

டொக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்போது என் எடை ஐம்பத்து மூன்று கிலோ.

"நீங்களோ?" என்றார். "சரி. ஆனா ஆறு பேற்ற பங்கும் சாப்பிடவேணும், கண்டியளோ."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அது நகைச்சுவை என்று நம்பி.

4. ஏழு வீடுகள்

ஆட்டக்காரர்கள் மோட்டலுக்குப் போய் டோஸ்டும் அவித்த முட்டையும் தின்று, ஹீட்டர் போட்டுத் தூங்கினார்கள். நான் காரில் ஏறினேன். என் சட்டைப்பை டைரியில் உள்ளபடி தருகிறேன்.

முதல் வீடு, 10.50: இட்லி ஏழு. இரண்டாம் வீடு, 12.30: பருப்புச் சாதம், டின்னில் வந்த முருங்கைக்காய் போட்ட சாம்பார், வடை நான்கு. மூன்றாம் வீடு, 3.15: 'வெறும் டீதான்' என்றார்கள். டீயோடு கேசரி, பஜ்ஜி ஒன்பது. நான்காம் வீடு, 6.00: புட்டு, ஆட்டிறைச்சிக் கறி. ஐந்தாம் வீடு, 8.10: பூரி. எண்ணிக்கை எழுதவில்லை. என் டைரியில் எண்ணிக்கை எழுதாத ஒரே இடம் அது.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரே உரையாடல்.

"ஒண்ணுமே சாப்பிடலையே. பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு. போதும்."

"சும்மா சொல்றீங்க."

பல்பீரின் மேல் எனக்குத் திடீரென்று பெரிய மரியாதை வந்தது.

ஞாயிறு காலை ஆறாம் வீடு. டொக்டர் நடராசா வீடு ஏழாவது, மதியத்துக்கு. அங்கே நுழையும்போது என் கால்சட்டையின் பின்தையல் விட்டிருந்தது. கோட்டை மாட்டிக்கொண்டே உட்கார்ந்தேன்.

மேசையில் ஏழு தட்டு வைத்திருந்தார் அவர் மனைவி. ஏழு நாற்காலி. ஆறில் யாரும் இல்லை.

"அவங்க வரமாட்டாங்கன்னு சொன்னேனே" என்றேன்.

"ஓம், தெரியும். ஆனாலும் வைச்சனான்." இடியப்பத்தைப் பரிமாறிக்கொண்டே சொன்னார்: "இஞ்சை வந்து மூண்டு வருசம். இந்த மேசைக்கு ஒருநாளும் ஆள் நிரம்பேல்லை. போன வருசம் அந்தப் பிள்ளையள் வந்த அண்டைக்குத்தான் நிரம்பினது. இவருக்கு ஆஸ்பத்திரியில நைட் டியூட்டி. நான் ரேடியோவைப் போட்டுட்டு இருப்பன், ஒண்டும் விளங்காது. சாப்பிடுங்கோ தம்பி, ஆறுது."

நான் கிண்டலாக எதையோ சொல்ல எண்ணியிருந்தேன். தட்டை நீட்டினேன். இடியப்பம் பத்து, சொதி மூன்று கரண்டி. இன்னும் கேட்டு வாங்கினேன். அந்த இரண்டு நாளில் நானாகக் கேட்டு வாங்கியது அங்கே மட்டும்தான்.

5. ஆட்டம்

ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. இரண்டு மணிக்கு அது தொடங்கியபோது டொக்டர் வீட்டு சோபாவில் பக்கவாட்டில் படுத்திருந்தேன். டொக்டர் என் வயிற்றை இரண்டு விரலால் தட்டிப் பார்த்து, "தவில் மாதிரி இருக்கு. இண்டைக்குப் பயணம் செய்யாதேங்கோ" என்றார். அவருக்கு இதில் மகிழ்ச்சி இருந்ததாக நான் இன்றும் சந்தேகிக்கிறேன்.

நான்குக்கு ஒன்று என்று ஜெயித்தோம். வேலுச்சாமி இரண்டு கோல். கடைக்காரர் நாற்பது டஜன் மட்டைக்கு ஆர்டர் கொடுத்தார். ஆட்டம் முடிந்ததும் ஆறு பேரும், யாரும் இழுக்காமலே, குளித்துவிட்டு ஏழு வீடுகளுக்கும் போனார்கள். பிறகு கேட்டேன், அவ்வளவு சந்தோஷமாக எந்த ஊரிலும் சாப்பிட்டதில்லையாம். டொக்டர் வீட்டில் ஆறு நாற்காலியும் நிரம்பின. ஏழாவதில் உட்காரும் நிலையில் நான் இல்லை. பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பல்பீர் 'போதும்' என்று சொல்லவே இல்லை.

அன்றிரவு அவர்கள் ரயிலேறினார்கள். நான் செவ்வாய்க்கிழமை புதிய டிக்கெட் எடுத்துத் திரும்பினேன். டாயிலிடம் காரணத்தைச் சொன்னேன். கடிதம் எழுதியது நான்தான் என்பதையும் சொன்னேன்.

"சோறா? பன்னிரண்டு கம்பளி பனியன் வாங்கினோமே, சோறா?"

"ஆமா சார்."

மாதக் கடைசியில் நிரந்தரக் கடிதம் வந்தது. அக்டோபரில் என் குடும்பம் வந்து சேர்ந்தது. டூர் அட்டவணையில் ஒரே ஒரு திருத்தம் செய்தேன்: முதலில் ஆட்டம், பிறகு அழைப்பு. அடுத்த ஆண்டுப் படிவத்தில் மெல்போர்னை ஒருவரும் எழுதவில்லை. ஆறு பேரும் பிரிஸ்பேன் என்று எழுதினார்கள். காரணம்: வெயில். நான் பனியன் விஷயத்தில் கற்ற பாடத்தின்படி, தொப்பி வாங்கவில்லை. மூன்று பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, பேசவிட்டுக் கேட்டேன். ஒரு மனிதன் படிவத்தில் எழுதும் காரணம், எழுதக்கூடிய காரணம் மட்டுமே. எழுத முடியாததைக் கேட்டு வாங்குவதுதான் டூர் கிளார்க்கின் வேலை. டிக்கெட்டை யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

என் மெல்போர்ன் செலவுக் கணக்கை மட்டும் டாயில் கையெழுத்திடாமல் திருப்பினார். 'தனிப்பட்ட உணவுப் பழக்கம்' என்று ஓரத்தில் எழுதியிருந்தார். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று வாங்கிய சாக்லேட் பெட்டி ஏழு, 9.45. ஜீரண மருந்து, 1.15. புதுக் கால்சட்டை, 14.95. தவறவிட்ட ரயிலுக்குப் பதிலாக எடுத்த டிக்கெட், 26.40. முந்தைய ஆண்டு நான் கம்பெனிக்கு மிச்சப்படுத்திக் கொடுத்தது நாற்பத்தைந்து டாலர். எனக்கு ஆன செலவு ஐம்பத்தொரு டாலர் தொண்ணூற்றைந்து சென்ட்.