அண்ணை பேசிய பிரெஞ்சு

வெளிநாடு வந்து கோட்-டெ-நெய்ஜில் நாங்கள் இருந்த காலத்தில், யாருக்குக் கால் முறிந்தாலும் கை முறிந்தாலும் டொக்டரிடம், அண்ணை என்று நாங்கள் எல்லாரும் கூப்பிடுகிற ஒருவரோடுதான் போவோம். எங்கள் மாதா கோயில் ஆட்களுக்குள் அவருக்குத்தான் பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு. ஒரு சதமும் வாங்க மாட்டார். அதனாலேயே அவரை எதிர்த்து ஒரு சொல் கேட்க ஒருவருக்கும் வாய் வராது.

இறைச்சிக் கம்பனியில் பெட்டி அடுக்குச் சரிந்து என் மனுசனின் வலது தோளில் விழுந்தது. கை நெஞ்சுக்கு மேலே எழும்பாது. வேலையில் அடிபட்டவர்களைப் பார்க்கிற அலுவலகம்தான் அவர் வீட்டில் இருந்த காலத்துக்குச் சம்பளமும், தோளுக்குப் பயிற்சியும் தந்துகொண்டிருந்தது. அதைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்க அவர்களுடைய டொக்டர் கூப்பிட்டிருந்தார்.

அண்ணை விடியவே போன் எடுத்தார். "நல்ல உடுப்பாப் போட்டுக்கொண்டு வாரும் தம்பி. வருத்தக்காரன் மாதிரி வந்து நிண்டா எங்கடை ஆக்களுக்குத்தான் வெக்கம்." பூசைக்குப் போடுகிற கோட்டுக்குள் அந்தக் கையை நுழைக்க மனுசன் பல்லைக் கடித்த கடியில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

நோவு எப்படி என்று டொக்டர் கேட்டார். மனுசன் உள்ளதைச் சொன்னார். "இரவிலை நித்திரை இல்லை அண்ணை. சோத்துக் கோப்பையைக்கூடத் தூக்கேலாது."

அண்ணை சிரித்துக்கொண்டே பிரெஞ்சில் சொன்னார்: இப்போது நல்ல சுகம், வேலைக்குத் திரும்பத் துடித்துக்கொண்டிருக்கிறார். நான் பிள்ளைகள் காப்பகத்தில் சமையலுக்கு நின்றவள். அந்தளவு பிரெஞ்சு எனக்கும் விளங்கும்.

"ஐயோ அண்ணை, அவர் அப்பிடிச் சொல்லேல்லையே!"

"சும்மா இரும் பிள்ளை. அழுது வடிஞ்சா இவங்கள் எங்களை மதிக்க மாட்டாங்கள்."

நான் டொக்டரைப் பார்த்து, எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில், சரியான நோவு என்றேன். என் மனுசன் முறைத்தது என்னைத்தான். "வாயை மூடும். அண்ணை எங்களுக்காக மினக்கெட்டு வந்திருக்கிறார்."

கையைத் தூக்கச் சொன்னார் டொக்டர். அண்ணை பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்ற ஒன்றுக்காக, அந்த மடைச்சாம்பிராணி, தலைக்கு மேலே தூக்கினார். முகம் சாம்பலாய்ப் போய், வேர்த்து வழிந்தது. டொக்டருக்குப் பெரிய சந்தோசம்.

சம்பளம் நின்றது, பயிற்சியும் நின்றது. திரும்பக் கம்பனிக்குப் போனார். கிழமை முடிய முன்னமே தோளில் மிச்சமிருந்ததும் போய்விட்டது. இனி அந்தக் கை அவ்வளவுதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அண்ணையில் எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மனுசனுக்கோ அவரில் ஒரு கோபமும் இல்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது.

பனி கரைந்த பிறகு ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வரும்போது அண்ணை எங்களை வாசலில் மறித்தார்.

"தம்பி, நீர் இடக்கையாலை சிலுவை போடுறதைக் கண்டனான். அப்பிடிப் போடக் கூடாது. பாக்கிற சனம் என்ன நினைக்கும்?"

நாசமாய்ப் போக என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் என் மனுசன், "ஓம் அண்ணை" என்று சொல்லி, இடக்கையால் வலக்கையைத் தூக்கி, நெற்றிக்குக் கொண்டுபோய்க் காட்டினார்.