நீலக் கிளப் வாசலில் சிவப்பு

என் அக்காளைக் கட்டிய விஸ்டினுக்கும் எனக்கும் என்றைக்குமே ஆகாது. திருவிழாவுக்கு வாத்தியம் வாசிக்கிற எங்கள் ஊர் நீல பேண்டு கிளப்பின் மதுக்கடையை இருபத்தேழு வருஷம் நடத்தியவன். ஒரு நாளாவது சிரித்த முகத்தோடு யாருக்கும் ஊற்றிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. அவனிடம் பீர் வாங்கினால் நின்றுகொண்டுதான் குடிக்க வேண்டும். நாற்காலி கேட்டால், உட்காருகிறவன் கோயிலுக்குப் போகட்டும் என்பான். மால்டாவில் கொண்டாட்டம் என்றால் வெயில், நெரிசல், தொண்டை கிழியக் கத்தல், தலையில் பீர் அபிஷேகம். மற்றதெல்லாம் துக்க வீடு என்பது அவன் கட்சி. அந்த பேண்டில் டிராம்போன் ஊதுகிற எனக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவனோடு சண்டை கிடையாது.

போன வருஷம் குத்தகை முடிகிற நேரம் பார்த்துக் கத்தானியாவிலிருந்து தூரி வந்து சேர்ந்தான். சிசிலிக்காரன், முப்பத்தைந்து வயது, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. கடையைத் தனக்குத் தரச் சொல்லிக் கிளப் கமிட்டியிடம் கேட்டான். அவன் ஊரில் சாயங்காலம் குடும்பத்தோடு வந்து உட்காருவார்களாம். ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவார்களாம். ஆலிவும் வறுத்த கத்தரிக்காயும் தட்டு நிறையச் சும்மா வருமாம். குடித்துத் தள்ளாடினால் அங்கே மானக்கேடாம். கமிட்டியில் பாதிப் பேருக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. திருவிழா வாரத்தில் விஸ்டின் உள்ளே நடத்தட்டும், தூரி வாசலில் நடத்தட்டும், அதைப் பார்த்து ஒருவனுக்குக் கொடுப்போம் என்று முடிவானது.

அந்த வாரம் இரண்டு பேரும் கடித்துக் குதறாத குறைதான்.

"ஒரு கிளாஸ ஒரு மணி நேரம் நக்குறதுக்கு எங்க ஊர்ல மருந்து குடிக்கிறதுன்னு பேரு, தம்பி" என்றான் விஸ்டின்.

"நீங்க குடிக்கிறதுல பாதி சட்டையிலதானே போகுது, அண்ணே. தொவைக்கிறது யாரு, வீட்டம்மாதானே?" என்றான் தூரி.

துவைக்கிறவள் என் அக்காள். எனக்கு உள்ளூரச் சிரிப்பு.

ஞாயிறு காலை ஊர்வலம். தூரி தெருவில் பன்னிரண்டு மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, நாற்பது கிளாஸில் கசப்பு மது ஊற்றி வைத்தான். அவன் ஊரில் அது இல்லாமல் விருந்தே தொடங்காதாம். நிறம் நல்ல இரத்தச் சிவப்பு. ஊரில் எங்களுக்கு ஜென்மப் பகையான எதிர்க் கிளப்பின் நிறமும் சிவப்பு. திருவிழா வாரத்தில் எங்கள் வீடுகளில் தக்காளி வாங்குவதையே நிறுத்திவிடுவோம்; அது அந்தப் பாவிக்கு எப்படித் தெரியும்? விஸ்டினுக்குத் தெரியும். பத்து மணியிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்தவன், தூரி ஐஸ் கேட்டபோது தன் பெட்டியிலிருந்தே இரண்டு மூட்டை எடுத்துக் கொடுத்தான்.

பன்னிரண்டு மணிக்கு பேண்டு கிளப்பை நெருங்கியது. முன்வரிசையில் வந்த நான் அந்த மேஜைகளைப் பார்த்ததும் ஊதுவதை நிறுத்திவிட்டேன். பின்னால் நீலச் சட்டையில் ஐந்நூறு பேர். மேஜைகள் கவிழ அதிக நேரம் ஆகவில்லை. கொட்டியதெல்லாம் தூரியின் வெள்ளைச் சட்டையில் தெறித்து, அதுவும் சிவப்பாகிவிட, அதையும் கிழித்தார்கள். வெற்று மார்போடு தெருவில் நின்று அவன் அழுதான். உள்ளே விஸ்டின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன், அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

மறுநாள் முகச்சவரம் செய்துகொண்டு, குத்தகையில் கையெழுத்துப் போடுகிற மிதப்பில் விஸ்டின் கமிட்டிக்குப் போனான். கிளப் தலைவர் ஃபெலிச் ஒன்றே ஒன்று கேட்டார், ஐஸ் யாருடையது என்று. விஸ்டின் பெருமையாகவே ஒப்புக்கொண்டான். பத்து மணிக்கே பார்த்ததையும், படட்டும் என்று விட்டதையும் சேர்த்துச் சொன்னான்.

"அவன் வெளியூர்க்காரன், அவனுக்கு நெறம் தெரியாது" என்றார் ஃபெலிச். "நீ இங்க பொறந்தவன். ரெண்டு மணி நேரம் நம்ம வாசல்ல செவப்பு நிக்கிறதப் பாத்துக்கிட்டு அதுக்கு ஐஸ் வேற குடுத்திருக்க. வெளிய போ, விஸ்டின்."

தூரியின் சட்டையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. குத்தகை மட்டும் அவனுக்குப் போனது. இப்போது நீல நிறத்தில் ஏதோ ஊற்றுகிறான். எங்கள் ஆட்கள் வெட்கமில்லாமல் உட்கார்ந்து குடிக்கிறார்கள்.

விஸ்டினை நீலத்தில் சேர்ப்பதில்லை, சிவப்புக்குப் போனால் உதைப்பார்கள். மாலையானால் வீட்டுச் சமையலறையில் ஒரு பீரைத் திறக்கிறான் என்கிறாள் அக்காள். நாலு நாற்காலியும் காலியாகக் கிடக்க, நின்றுகொண்டேதான் குடிக்கிறானாம்.