பைக்குள் அடங்கும் துவக்கு

விளம்பரப் படங்களில் அந்தத் துவக்கை வைத்திருப்பவன் எப்போதும் தாடி வளர்த்த ஓர் ஆண். பின்னால் பனிக்காடு, காலடியில் சிறு நெருப்பு. இரண்டாகக் கழற்றிப் பைக்குள் வைக்கலாம், முயலும் பறவையும் சுடலாம், உலகம் அழிந்தாலும் நீங்கள் பிழைத்துக்கொள்ளலாம் என்று கீழே எழுதியிருக்கும். வீட்டில் குளிர்பெட்டி நிறைய இறைச்சி வைத்திருப்பவர்கள்தான் இதை வாங்குகிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு உலகம் அழியும்வரை காத்திருக்க நேரமில்லை. நான் ரயிலில் வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

நான் வனவியல் படித்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. பேர்லினுக்கு வெளியே ஒரு மரக்கன்றுப் பண்ணையில் வேலை செய்கிறேன். முயல்கள் இளமரத்தின் பட்டையைச் சுற்றிவரக் கடித்துவிடும். பட்டை போனால் மரம் போயிற்று. வேட்டைப் பரீட்சை எழுதி அனுமதி எடுத்திருந்தேன், ஆகவே முயல்களை என் பொறுப்பில் விடும்படி மேலாளரிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே சம்மதித்தார். முதல் உறைபனி விழுவதற்குள் தொடங்காவிட்டால் அந்த வேலையைப் பக்கத்து ஊர் வேட்டைக்காரரிடம் கொடுத்துவிடுவேன் என்றும் சொன்னார்.

முதல் தடவை இரவல் துவக்கோடு போனேன். நீளமான பச்சை உறை, பூட்டுப் போட்டது. தோட்டாக்கள் தனிப் பெட்டியில். எல்லாம் சட்டப்படி. பேர்லினில் எங்கள் பகுதியான நொய்கெல்னில் ஏறி மூன்றாவது நிலையத்தில் நான்கு பொலிஸ்காரர் என்னை இறக்கினார்கள். ரயிலில் இருந்த யாரோ தொலைபேசியில் முறையிட்டிருந்தார்கள். வேட்டைக்குப் போகும் பச்சைத் தொப்பி ஜேர்மன் கிழவர்கள் இதே உறையோடு இதே ரயிலில் போவதைச் சிறுவயதிலிருந்து பார்க்கிறேன். ஒருவரையும் இறக்கியதைக் கண்டதில்லை. என் அனுமதிப் பத்திரங்கள் சரி என்று ஒத்துக்கொள்ள அவர்களுக்கு ஒரு மணி நேரம் எடுத்தது. நான் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் போய்விட்டது. மேலாளர் பக்கத்து ஊர் வேட்டைக்காரரின் பெயரை மட்டும் சொன்னார்.

அதனால்தான் கழற்றக்கூடிய துவக்கு. சாதாரண முதுகுப்பைக்குள் போய்விட வேண்டும்.

வீட்டில் சொன்னபோது அப்பா தொலைக்காட்சியை நிறுத்தினார்.

"துவக்குச் சத்தம் கேக்காத இடமெண்டுதான் ஊரை விட்டு ஷோனெஃபெல்ட் எயார்போட்டில வந்திறங்கினனான். நீ அதைக் காசு குடுத்து வாங்கி வீட்டுக்குள்ள கொண்டுவரப் போறாய்."

"முயல் அடிக்கவோடி இவ்வளவு காலமும் படிச்சனி?" என்றா அம்மா.

"ஓம். படிக்காட்டி இங்க முயலும் அடிக்க ஏலாது."

"வாய் மட்டும் இந்த நீளம்," என்றார் அப்பா. "துவக்கை மட்டும் ஏன் கட்டையாத் தேடுறாய்?"

பதில் எனக்குத் தெரியும். சொன்னால் மூன்றாம் நிலையத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

துவக்குக் கடையில், கழற்றக்கூடிய சின்னதாய் ஒன்று கேட்டேன். கடைக்காரர் என் அனுமதி அட்டையை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். பிறகு, "கணவருக்கா?" என்றார்.

"அவருக்கு வேண்டுமென்றால் அவரே வரட்டும். அதற்கு முதல் என்னைக் கட்ட வேண்டும்."

அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு துவக்கைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். அதன் குழலும் உடலும் கழன்று, தோளில் அணைக்கும், உள்ளே வெறுமையான பிளாஸ்டிக் சோங்குக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. "சின்னது கேட்டீர்கள். இதைவிடச் சின்னது கிடையாது."

"இதற்குப் பெஷைட் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

பெஷைட் என்றால் அரச அலுவலகம் எழுத்தில் தரும் முடிவு. என் வயதுப் பிள்ளைகள் கதைப்புத்தகம் வாசித்த காலத்தில் நான் அதைத்தான் வாசித்தேன். ஒன்பது வயதிலிருந்து எங்களை இந்த நாட்டில் இருக்க விடுவார்களா என்று வீட்டுக்கு வரும் ஜேர்மன் கடிதங்களை உடைத்து அர்த்தம் சொல்வது என் வேலை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு நிற்பா. அப்பா கதிரையில் இருக்கவே மாட்டார். முதற்பக்கத்தை நம்பக் கூடாது, கடைசிப் பக்கத்தின் சின்ன எழுத்தில்தான் விஷயம் இருக்கும் என்பதைப் பத்து வயதில் கற்றுக்கொண்டேன்.

துவக்குச் சட்டத்தையும் அப்படித்தான் வாசித்திருந்தேன். வேட்டைக்கு வழக்கமான அளவை மீறி, விரைவாகக் கழற்றவோ மடக்கவோ முடிகிற துவக்கு இந்த நாட்டில் தடை. அது களவாக வேட்டையாடுபவனின் ஆயுதமாம். எந்த வகை எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால் அதற்கும் ஒரு பெஷைட் உண்டு. தவறானதை வாங்கினால் என் அனுமதி போய்விடும். கடைக்காரருக்கு ஒரு வாடிக்கையாளர் குறைவார், அவ்வளவுதான்.

"இதுவரை ஒருவரும் அதைக் கேட்டதில்லை," என்றார்.

"அவர்களை ரயிலிலிருந்து ஒருவரும் இறக்கியிருக்க மாட்டார்கள்."

அவர் கொண்டுவந்த அடுத்த துவக்குக்குப் பெஷைட்டின் பிரதி இருந்தது. தேடியெடுக்க நெடுநேரம் எடுத்தார். நான் கடைசிப் பக்கம்வரை வாசித்தேன். அவர் விரல்களால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். மரச் சோங்கு, ஒரு திருப்பில் குழல் தனியே வரும். மேலே குறிபார்க்கும் தொலைநோக்கி பூட்டியிருந்தார். கீழ்த்தளத்தில் சுட்டுப் பார்க்க இடம் இருந்தது. ஐந்து தோட்டா கேட்டேன். ஒவ்வொன்றையும் சுட்டபின் துவக்கைக் கழற்றி, திரும்பப் பூட்டினேன்.

"என்ன விளையாட்டு இது?"

"தினமும் இப்படித்தான் கொண்டுபோகப் போகிறேன்."

தாளில் ஐந்து ஓட்டைகளும் நான்கு விரல் அகலத்துக்குச் சிதறியிருந்தன. "முயலுக்கு இது போதும்," என்றார். முயலின் தலை எவ்வளவு பெரியது என்று கேட்டேன். தொலைநோக்கி துவக்கின் உடலில் இருந்தது. குழல் ஒவ்வொரு முறையும் மயிரிழை விலகி உட்கார்ந்தது. தொலைநோக்கியைக் கழற்றச் சொன்னேன். வெறுங்கண்ணால் குறிபார்க்க, குழலிலேயே பதித்த முன்முள்ளும் பின்வெட்டும் கீழே இருந்தன; குழல் விலகினால் அவையும் சேர்ந்து விலகும். அவற்றால் குறிபார்த்து, கழற்றிப் பூட்டி, மீண்டும் ஐந்து. இம்முறை என் பெருவிரலால் எல்லா ஓட்டைகளையும் மூட முடிந்தது.

"தொலைநோக்கி வேண்டாம்," என்றேன். அது இல்லாவிட்டால் துவக்கு பைக்குள் இன்னும் நன்றாக அடங்கும். நீளமான பச்சை உறை ஒன்றை இலவசமாகத் தந்தார். மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

துவக்கு வைக்கும் இரும்புப் பெட்டியை வீட்டுச் சுவரில் பூட்ட அப்பாதான் துளை போட்டார், துளைக்கும் கருவியை வேறு யாரும் தொட அவர் விடமாட்டார் என்பதால். துவக்கைத் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை ரயிலில் இரண்டு பொலிஸ்காரர் என்னைக் கடந்து போனார்கள். முதுகுப்பையோடு வேலைக்குப் போகும் ஒருத்தி. அவர்கள் பார்க்காதது எனக்கு ஆறுதலாக இல்லை, எரிச்சலாக இருந்தது.

பண்ணையில் மேலாளர், "துவக்கு எங்கே?" என்றார். பையைத் திறந்து, துண்டுகளை எடுத்து அவர் கண்முன்னே பூட்டினேன்.

"களவு வேட்டைக்காரர் வைத்திருப்பது போல இருக்கிறதே," என்றார். "இதைச் சட்டம் விடுகிறதா?"

பெஷைட்டின் பிரதியை நீட்டினேன். முதற்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். நான் வாங்கவில்லை.

"கடைசிப் பக்கம்," என்றேன். "அதையும் வாசியுங்கள்."

நின்றபடியே வாசித்தார். முடிக்கும்வரை நானும் நின்றேன். பிறகு மேற்குப் பக்கத்து மரக்கன்று வரிசைகளை நோக்கிக் கையைக் காட்டினார். முயல்கள் அங்கேதான் அதிகம். புல்லில் இன்னும் உறைபனி விழுந்திருக்கவில்லை.