ஏலத்துக்கு வராத வரி

என் அப்பா நீலமேகத்துக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. காரைக்கால் பக்கத்துக் கோட்டுச்சேரிமேட்டுக் கரையில் பல வருடங்கள் மீன் ஏலம் கூறியவர். அலையையும் வியாபாரிகளின் கூச்சலையும் தாண்டிப் பேசிப் பழகிய தொண்டை. சாப்பாட்டில் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்தும் ஒருவர் கிண்ணத்தோடு வந்துவிடுவார்.

எங்கள் கரை ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏலம் நடக்கும்போது யாரும் யாரையும் திட்டலாம். விலையைக் குறைத்துக் கேட்பவன் திருடன், கொள்ளைக்காரன், பிணத்தின் நெற்றிக்காசைக்கூட விடாதவன். கடைசிக் கூறு விலைபோனதும் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். கரையில் கேட்ட திட்டை வீடுவரை தூக்கிப் போய்க் கோபித்துக்கொள்பவனை மறுநாள் ஏலத்தில் யாரும் மதிக்க மாட்டார்கள். அப்பா தன் வாழ்க்கையில் மாட்டிக்கொண்ட ஒரே சட்டச் சிக்கல் இந்த வழக்கத்தால் வந்ததுதான்.

ஏலத்தில் அவரிடம் அதிகம் திட்டு வாங்கியவர் வைத்தியலிங்கம் என்ற வியாபாரி. சுனாமிக்கு அடுத்த வருடம், கரையில் படகுகளே குறைந்துபோயிருந்த நேரத்தில், அவர் இறால் ஏற்றுமதிக் கம்பெனி ஆரம்பித்தார். தன்னை அத்தனை விதமாகத் திட்டியவரையே கொள்முதல் சூப்பர்வைசராக எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் நன்றாகத்தான் இருந்தார்கள், கையுறை விஷயம் வரும்வரை.

ஐஸ் தண்ணீரில் இறால் உரிக்கும் பெண்களுக்கு ரப்பர் கையுறை உண்டு. ஆனால் அதிகாரிகள் சோதனைக்கு வரும் நாளில் மட்டும். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் கையுறைகளைத் திரும்ப வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். மற்ற நாளெல்லாம் வெறும் கை. விரலிடுக்கு வெளுத்து வெடித்து, சோறு பிசையும்போது எரியும். அப்பா சொல்லிப் பார்த்தார், கத்திப் பார்த்தார், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார்.

அது 2008, ஆர்குட் காலம். நான் பி.காம். முடித்திருந்தேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் அப்பா பெயரில் ஒரு கணக்கு தொடங்கிக் கொடுத்தேன். படகில் சாய்ந்து நிற்கும் படம் போட்டோம். காரைக்கால்காரர்களுக்கென்று அதில் ஒரு குழு இருந்தது. துபாய், பாரிஸ் என்று போனவர்கள்கூட அங்கே கூடுவார்கள்.

"இங்க என்னா செய்வாங்க புள்ள?"

"பேசுவாங்கப்பா."

"திட்டுவாங்களா?"

"அதுதான் அதிகம்."

"அப்ப இதுவும் கரைதான். எழுது!"

அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். பக்கத்துத் தடுப்புகளில் இருந்தவர்கள் எழுந்து நின்று கேட்டார்கள். கையுறை விஷயம் முதலில் வந்தது. அடுத்து, இறாலில் ஏதோ மருந்து கலக்கிறார்கள் என்று ஒரு லாரி டிரைவர் சொன்னது. அப்புறம் திருடன், கொள்ளைக்காரன், நெற்றிக்காசு எல்லாம். கம்பெனி பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னார். முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வா, டீ குடிக்கலாம்" என்றார். அதோடு அதை மறந்தும் போனார்.

நாகப்பட்டினத்தில் வேறொரு கம்பெனி அவரை மானேஜராகக் கூப்பிட்டது. சந்தோஷத்தில் அப்பா இரண்டு முழுக்கைச் சட்டை தைத்தார். சட்டை தையல்காரரிடம் இருக்கும்போதே வக்கீல் நோட்டீஸ் வந்தது. பொய்யான அவதூறு, பகிரங்க மன்னிப்பு கேட்காவிட்டால் கிரிமினல் வழக்கு. கூடவே அந்தப் பக்கத்தின் பிரிண்ட், படகுப் படத்தோடு. செய்தி எப்படியோ நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தது. "கேஸ முடிச்சிட்டு வாங்க, அதுவரைக்கும் சேர்த்துக்க முடியாது" என்று போனில் சொல்லிவிட்டார்கள்.

டவுனில் வக்கீல் முகம்மது இப்ராஹிமைப் பார்க்கப் போனோம்.

"அழிச்சிட்டா போச்சுல்ல பாய்?" என்றார் அப்பா.

"பிரிண்ட் அவங்க கையில இருக்குண்ணே. அழிச்சாலும் எழுதினது எழுதினதுதான்." வக்கீல் பேனாவால் தாளைத் தட்டினார். "கையுறைய நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"தெனமும்."

"மருந்து?"

"டிரைவரு சொன்னான்."

"அவன் கோர்ட்டுக்கு வருவானா?"

"கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலே வரமாட்டான்."

"அப்ப அது போச்சு. உண்மைன்னா நிரூபிக்க வேண்டியது நீங்க. அது ஊர் நன்மைக்குன்னும் காட்டணும். கையுறைக்குச் சாட்சி உண்டு, நன்மையும் உண்டு. திருடன்ங்குறதுக்கு என்னா சாட்சி?"

"அவரே சொல்லுவாரு. எத்தன வருசமா கூப்பிடுறேன், ஒரு நாளாவது இல்லன்னு சொல்லிருக்காரா?"

வக்கீல் சிரித்துவிட்டார். பிறகு வைத்தியலிங்கத்துக்குப் போன் செய்தார்.

மறுநாள் அவர் வக்கீல் ஆபீசுக்கே வந்தார். அப்பாவைப் பார்த்ததும் கோபத்தைவிட அவர் குரலில் வருத்தம்தான் அதிகம் இருந்தது.

"கரையில திட்டுன, நான் என்னைக்காவது கோவிச்சிருக்கனா? இத கொச்சியில எங்ககிட்ட எறால் வாங்குற பையரு படிச்சிட்டுப் போன் பண்றாருய்யா. அவருக்குக் கரை தெரியுமா, நம்ம டீக்கடை தெரியுமா?"

அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மேசையில் இருந்த பிரிண்டைத் தன் பக்கம் இழுத்தார். "அது தப்புதான். திருடன எடுத்துடு புள்ள" என்றார்.

"கொள்ளைக்காரன்?"

"அதையும் எடு."

"நெற்றிக்காசு?" என்றார் வக்கீல்.

"அது நல்லா இருந்துச்சு. சரி, எடு. மருந்தும் நான் பாக்கல. அத தப்புன்னே எழுதிடுறேன்."

வைத்தியலிங்கம் பழைய வியாபாரியாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "கையுறையும்."

"அது ஏலத்துக்கு இல்ல."

"நீலமேகம், நாகப்பட்டினத்து வேலை இதுலதான் தொங்குது, தெரியும்ல?"

"தெரியும். சட்டகூட தச்சாச்சு. இருந்தாலும் அது நான் பாத்தது."

"அப்ப கேஸ் போடுறேன்."

"போடுங்க" என்றார் இப்ராஹிம். "இறால் உரிக்கிற அம்மாமாருங்கள வரிசையா கூண்டுல ஏத்தி, கைய நீட்டச் சொல்றேன். அதையும் கொச்சிக்காரரு படிக்கட்டும்."

வைத்தியலிங்கம் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நீ இருந்தவரைக்கும் கையுறை இல்லன்னு போடு. இப்ப குடுக்குறாங்கன்னும் சேத்துப் போடு" என்றார்.

"இப்ப குடுக்குறீங்களா?"

"நாளைலேருந்து."

"அப்ப நாளைக்கு வந்து பாக்குறேன். பாத்தாத்தான் எழுதுவேன். பாக்காததை எழுதித்தான இங்க வந்து உக்காந்திருக்கேன்!"

முதலில் சிரித்தது வைத்தியலிங்கம்தான். எழுந்து போகும்போது, "டீ நீதான்யா வாங்கித் தரணும்" என்றார்.

மறுநாள் அப்பா இறால் கொட்டகைக்குப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. உள்ளே எல்லாக் கைகளும் நீல ரப்பருக்குள் இருந்தன. ஒரு அத்தை இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டி, "கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கேனாண்ணே?" என்று கேட்டார். அப்பா எல்லாரையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, நேராக பிரவுசிங் சென்டருக்கு நடந்தார்.

நோட்டீஸ் வாபஸ் ஆனது. அப்பா முழுக்கைச் சட்டையோடு நாகப்பட்டினம் பஸ் ஏறினார். போன மாதம் நெஞ்சுவலி வரும்வரை அங்கேதான் வேலை பார்த்தார். துக்கத்துக்கு வந்த வைத்தியலிங்கம் வாசலிலேயே நின்றுவிட்டார். "வீடு இவ்ளோ அமைதியா இருக்கே" என்று மட்டும் சொன்னார்.

கரையில் அப்பா கத்தியதெல்லாம் அன்றன்றைக்கே காற்றோடு போயிற்று. ஒன்றுகூட மிச்சமில்லை. ஆர்குட்டையும் மூடிவிட்டார்கள். அதில் கடைசியாக எழுதியதை நான் எடுத்துவைத்த பிரிண்ட் மட்டும் இருக்கிறது. படகில் சாய்ந்து நிற்கும் படத்துக்குப் பக்கத்தில், அவர் சொல்ல நான் தட்டிய வார்த்தைகள்:

"மருந்து என்று எழுதியது தப்பு. திட்டியதும் தப்பு. மன்னிக்கவும். நான் இருந்தவரைக்கும் கையுறை இல்லை. இன்று போய்ப் பார்த்தேன். இருக்கிறது. மறுபடியும் போய்ப் பார்ப்பேன்."