ஆட்டம் முடியும்வரை

ஒருவருக்குத் தம்பி என்பவர் குடும்பம் அல்லர். இதை நான் சொல்லவில்லை. எண்பதுகளின் நடுவில், நாங்கள் தங்கியிருந்த ஜெர்மன் மாவட்டத்தின் வெளிநாட்டவர் அலுவலகம் சொன்னது. கணவன், மனைவி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள்: இவ்வளவுதான் குடும்பம். தம்பி வெறும் உறவினர். உறவினரைப் பார்ப்பதற்காக மாவட்ட எல்லையைத் தாண்டவேண்டிய அவசியம் புகலிடம் கேட்டு வந்தவருக்கு இல்லை. பின்னாளில் நானும் ஓர் அரச அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் பல வருடம் இருந்தவள். அந்த வரைவிலக்கணத்தின் சுருக்கத்தை இன்றும் என்னால் மெச்சாமல் இருக்க முடியாது.

அம்மா, மாமா, நான் மூவரும் ஒன்றாகத்தான் வந்திறங்கினோம். அகதிகளைப் பங்கிட்டபோது அம்மாவும் நானும் ஸ்டுட்கார்ட்டுக்கு அப்பால் ஒரு சிறு நகரத்துக்கும், அம்மாவின் தம்பியான மாமா அடுத்த மாவட்டத்துக்கும் போய் விழுந்தோம். இடையில் ஓர் ஆறும் ஒரு பாலமும். பஸ்ஸில் ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிடலாம். அனுமதியில்லாமல் தாண்டினால் முதல்முறை அபராதம், மறுமுறை வழக்கு. அப்பா இன்னும் கொழும்பில் ஓர் ஏஜென்டின் வாக்கை நம்பிக் காத்திருந்தார். அவர் வந்துசேரும் நாளில் எங்கள் பெயரில் ஒரு வழக்கு இருப்பதை அம்மா விரும்பவில்லை. இரண்டு முறை விண்ணப்பித்தார். இரண்டு முறையும் மறுத்தார்கள். மூன்றாம் முறை அம்மா விண்ணப்பிக்கவில்லை. பேஸ்போல் ரசிகை ஆனார்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நாங்கள் இருந்த அகதிகள் விடுதியான ஹைமுக்குப் பின்னால் ஒரு மைதானம். ஒருகாலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் விளையாடிய இடம். அவர்களைப் பார்த்துப் பழகிய உள்ளூர் ஜெர்மானியர் ஓர் அணி வைத்திருந்தார்கள். அதற்கு என்னைவிட உண்மையான ரசிகை அந்த ஊரில் இருக்கவில்லை. பந்து எறிபவர் எங்கள் தெருத் தபால்காரர். கிழமை நாட்களில் நிராகரிப்புக் கடிதங்களைக் கொண்டுவரும் அவரை ஹைம் முழுவதும் வெறுத்தது. சனிக்கிழமைகளில் நான் மட்டும் அவரை வணங்கினேன்.

அந்த ஆண்டு எங்கள் அணி அரையிறுதிக்கு வந்தது. அதில் வென்றால் இறுதி ஆட்டம் எங்கே என்று அம்மா கேட்டார். மாமா இருக்கும் ஊரில் என்றேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, அந்த விளையாட்டைப் பற்றி முதல் தடவையாக என்னிடம் விசாரித்தார்.

அரையிறுதிக்கு அம்மா குடையோடு வந்து முன்வாங்கில் உட்கார்ந்தார். வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து அறை அண்ணைக்கு அது பெரிய வேடிக்கையாகிவிட்டது.

“என்ன அக்கா, நீங்களும் வெள்ளையளின்ரை கிட்டிப்புள்ளு பாக்க வெளிக்கிட்டிட்டியளோ?”

“ஓம். எங்கடை ஆக்கள் வெல்லவேணும். பிள்ளையாருக்கு நேர்ந்திருக்கிறன்.”

“எங்கடை ஆக்களோ? அந்தத் தபால்காரனும் எங்கடை ஆளோ?”

“இந்த மாதம் மட்டும்” என்றார் அம்மா, கண்ணை மைதானத்தில் இருந்து எடுக்காமல்.

தபால்காரர் அன்று எறிந்த பந்துகளை எதிரணியால் தொடவே முடியவில்லை. வென்றோம். தேங்காய்க்குப் பதிலாக ஓர் அப்பிள் பழத்தை வெட்டி வைத்து, மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மா பிள்ளையாரிடம் தவணை கேட்டார். பிள்ளையார் அலுவலகத்தைப் போல எழுத்தில் கேட்பவர் அல்லர்.

அடுத்தது அனுமதி. நான்தான் மொழிபெயர்ப்பாளர். “மாமாவின்ரை கதையே எடுக்கக் கூடாது. பந்தைப் பற்றி மட்டும் கதை” என்று அலுவலக வாசலில் அம்மா சொன்னார். எனக்கு அந்தப் புத்திமதி தேவைப்படவில்லை. பந்தைத் தவிர வேறு எதையும் பற்றி அந்த நாட்களில் நான் கதைத்ததில்லை. அலுவலர் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளூர் அணியை ஓர் அகதிப் பிள்ளை ஆதரிப்பது அவருக்குப் பிடித்துப்போயிற்று. சொந்தத் தம்பியைப் பார்க்க அனுமதி இல்லை. முன்பின் தெரியாத ஒன்பது பேர் பந்தடிப்பதைப் பார்க்க உண்டு. இதிலும் நடைமுறைப் பிழை எதுவும் கிடையாது.

எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கேட்டார். ஆட்டம் முடிந்ததும் என்றேன். அது எத்தனை மணிக்கு என்றார். அது யாருக்கும் தெரியாது என்றேன். பேஸ்போலில் கடிகாரம் இல்லை. ஒன்பது சுற்று ஆடுவார்கள். சமனாக இருந்தால் இன்னொரு சுற்று. அப்போதும் சமன் என்றால் இன்னொன்று. ஒருவர் முந்தும்வரை நிறுத்த மாட்டார்கள். சமநிலையிலேயே முடிக்கலாமே என்றார். முடியாது என்றேன், அவருடைய குரலிலேயே. அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். பிறகு மணி எழுதவேண்டிய இடத்தைக் கோடிட்டு வெட்டி, ‘ஆட்டம் முடியும்வரை’ என்று எழுதினார். என் சேவைக்காலம் முழுவதிலும் மணி குறிக்காத இன்னொரு அனுமதியை நான் கண்டதில்லை.

படிக்கட்டில் அம்மா என்னை நிறுத்தினார். “நேரம் போடேல்லையோ?”

“இல்லை.”

“வடிவாப் பார் பிள்ளை.”

“ஆட்டம் முடியுமட்டும் நிக்கலாம் எண்டு எழுதியிருக்கு அம்மா.”

அம்மா கடதாசியை வாங்கி இரண்டாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

இறுதி ஆட்டத்துக்கு ஆதரவாளர்களின் பஸ்ஸில் போனோம். மைதான வாசலில் மாமா நின்றார். அவர் தன் எல்லைக்குள்ளேயே இருந்ததால் அனுமதி எதுவும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது ஒரு கோட், அது இருக்கவில்லை.

“எங்கை உன்ரை கோட்?” என்பதுதான் அம்மாவின் முதல் வார்த்தை.

“அறையிலை கிடக்கு அக்கா.”

“பொய் சொல்லாதை. தேஞ்சு போனாய்.”

கட்டிப்பிடிக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அம்மா தன் சால்வையைக் கழற்றி மாமாவின் கழுத்தில் சுற்றிவிட்டார். மூவரும் எங்கள் அணியின் பக்கத்து வாங்கில் உட்கார்ந்தோம். மாமா ஒரு டப்பாவில் றோல்ஸ் கொண்டுவந்திருந்தார். வெளியே கருகி, உள்ளே உருளைக்கிழங்கு வேகாமல் இருந்தது. அம்மா மூன்றைச் சாப்பிட்டார். இருவரும் தாழ்ந்த குரலில் கதைத்துக்கொண்டே இருந்தார்கள். யாரோ பிறந்திருந்தார்கள், யாரோ பிடிபட்டிருந்தார்கள், யாரிடமிருந்தோ கடிதம் இல்லை. நான் இரண்டு தடவை அவர்களைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். ஆட்டம் பார்க்க வந்தவர்கள் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும்.

ஒன்பதாம் சுற்று முடிந்தபோது சமநிலை. நான் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். அம்மா எழுந்து நின்று கை தட்டினார். பத்தாம் சுற்றில் எங்கள் அணி ஓர் ஓட்டம் எடுத்தது. எங்கள் வாங்கு முழுவதும் துள்ளியது. அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார். பதிலுக்கு எதிரணி அடிக்க வந்து அந்த ஓட்டத்தைச் சமன் செய்தது. அம்மா மறுபடியும் எழுந்து கை தட்டினார், இந்த முறை தனியாக. முன்வரிசையில் ஒரு பெண் திரும்பிப் பார்த்தார். எனக்கு மானம் போயிற்று.

“அம்மா, அது மற்றப் பக்கம்!”

“தெரியும்.”

“பிறகேன் தட்டுறியள்?”

“நல்லா விளையாடுறாங்கள் பிள்ளை. பாவங்கள்.”

“அக்கா, நீங்கள் எந்தப் பக்கம்?” என்று மாமா சிரித்தார்.

“நீ கதையைச் சொல்லு. அந்தக் கடிதத்திலை வேறை என்ன எழுதியிருந்தவை?”

பதினோராம் சுற்றில் இரு அணிக்கும் ஒன்றுமில்லை. வெயில் மைதானத்தைக் கடந்து மரங்களுக்குப் பின்னால் போயிற்று. பன்னிரண்டாம் சுற்றில் எங்கள் அணி மறுபடியும் ஓர் ஓட்டம் முந்தியது. இனி எதிரணி அதைச் சமன் செய்யாவிட்டால் கிண்ணம் எங்களுடையது. அவர்களில் இரண்டு பேர் ஆட்டமிழந்தார்கள். ஒருவன் மட்டும் மூன்றாம் மூலையில், ஓடி வந்து சேர்ந்தால் சமன் என்ற நிலையில், தயாராக நின்றான். தபால்காரர் எறிந்தார். மட்டை பட்டு, பந்து மிக உயரமாகப் போயிற்று.

“ஓடு தம்பி, ஓடு!” என்று அம்மா தமிழில் கத்தினார், எதிரணிப் பையனைப் பார்த்து. கண்ணில் நீர் முட்ட, வாங்கில் ஒரு காலை ஏற்றி வைத்து, எங்கள் ஊர்க்காரர் எல்லோருக்கும் முன்னால். நான் ஒதுங்கி நின்றேன். பந்து இறங்கியது. எங்கள் ஆள் அதைப் பிடித்தார்.

மைதானம் இடிந்து விழுவதுபோல ஒரு சத்தம். தபால்காரரைத் தூக்கினார்கள். நான் குதித்துக் குதித்து அம்மாவின் கையை இழுத்தேன். “அம்மா, வெண்டிட்டம்! நாங்கள் வெண்டிட்டம்!”

அம்மா மாமாவின் கழுத்துச் சால்வையின் முடிச்சைத் தளர்த்தி, மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். “இன்னும் ஒரு சுற்று விளையாட மாட்டினமோ பிள்ளை?”

“அதுதான் முடிஞ்சுதே!”

“ஒண்டே ஒண்டு?”

திரும்பும் பஸ்ஸில் எல்லோரும் பாடினார்கள். நான் மட்டும் பாடவில்லை. எனக்கு வேலை இருந்தது. பாலம் வரும்வரை, பாலத்தைத் தாண்டிய பிறகும், அம்மாவுக்கு விதிகளை முதலில் இருந்து விளக்கினேன். எந்தப் பக்கம் எங்களுடையது, எப்போது கை தட்ட வேண்டும், எப்போது தட்டவே கூடாது. சமன் என்பது எங்களுக்கு ஆபத்து, அதை யாரும் விரும்புவதில்லை என்று இரண்டு தடவை சொன்னேன். அம்மா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “ஓம் பிள்ளை, ஓம்” என்று கேட்டுக்கொண்டு வந்தார். இவ்வளவு உறுதியோடு தொடங்கிய ஒருவருக்கு அந்த விளையாட்டு கடைசிவரை விளங்கவேயில்லையே என்று எனக்கு மிகவும் கவலையாக இருந்தது.